கழுவியும் போகாத வாடை

தங்களிடம் வேலை பார்க்கும் முத்துராணியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரத் தானே போகப்போவதாக ராஜராஜேஸ்வரி சொன்னதும், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவருக்கும் கை நின்றுவிட்டது.

அண்ணன் ஞானசம்பந்தன் அவள் கணவர். முக்கூடல் கடைத்தெருவில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். அவர்தான் முதலில் வாய் திறந்தார். இன்றைக்குப் பார்த்தா போகவேண்டும் என்று கேட்டார். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் விழா. காலமான அப்பா சங்கரசுப்பிரமணியன் நினைவாகப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் குடங்கள் கொடுக்கப்போகிறார்கள். வீட்டின் மூத்த மருமகள் அங்கே இல்லாவிட்டால் ஊர் நாலு விதமாகப் பேசும்.

அதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு ராஜி பையை எடுத்துக்கொண்டாள்.

தம்பி குருபிரசாத் வாசல்வரை கூடவே வந்தான். "மதினி, முத்துராணிய எதுக்கும் கவலப்பட வேண்டாம்னு சொல்லுங்க. உடம்பு நல்லாத் தேறுன பொறவு பைய வேலைக்கு வந்தாப் போதும்."

நல்ல மனதோடுதான் சொன்னான். அவளுக்குச் சங்கடமாக இருந்ததும் அதுதான்.

அவள் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது குருவுக்கு ஆறு வயசு. தாயில்லாப் பிள்ளை. தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். அம்மை போட்டபோது வேப்பிலையும் கையுமாகப் பக்கத்தில் கிடந்ததும் அவள்தான். கோயம்புத்தூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சொந்தத் தொழில் செய்யவேண்டும் என்று அவன் ஊர் திரும்பியபோது, அவன் பக்கம் நின்று கணவரிடம் மல்லுக்கட்டியதும் அவள்தான்.

அண்ணன் கடையில் விற்கிற மருந்து டப்பா, காலியான பிறகு எங்கே போகிறது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. வரப்பில் கிடக்கும். வாழைத்தோட்டத்தில் கிடக்கும். பிள்ளைகள் எடுத்து வைத்து விளையாடும். சில வீடுகளில் அலசிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். நல்லெண்ணெய் ஊற்றி வைக்கிற வீடும் உண்டு. குரு அதை எல்லாம் வாங்கினான். வாய்க்கால் கரையில் ஷெட் போட்டான். நாலைந்து பெண்கள் டப்பாவை வாய்க்காலில் கழுவிக் கொடுக்க, அதை அரைத்து உருக்கி, நீலச் சாயம் சேர்த்துக் குடமாக்கினான். குப்பைக்குக் குப்பையும் ஒழிந்தது, ஏழைப்பட்ட வீடுகளில் அடுப்பும் எரிகிறது என்று ஊரே மெச்சியது. ராஜிக்குத் தலை நிமிர்ந்து நடக்கிற மாதிரிதான் இருந்தது, போன வெள்ளிக்கிழமைவரை.

அன்றைக்கு வாய்க்கால் படியில் டப்பா கழுவிக்கொண்டிருந்த முத்துராணி அப்படியே சரிந்து விழுந்தாள். வாயில் எச்சில் வடிந்தது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வேன் பிடித்துப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விசாரித்தவர்களிடம் எல்லாம் ஞானசம்பந்தன், வெறும் வயிற்றோடு வெயிலில் உட்கார்ந்ததால் வந்த மயக்கம் என்று சொல்லிவைத்தார். ராஜிக்கும் அதை நம்பிவிட வேண்டும் என்றுதான் ஆசை.

வார்டில் முத்துராணி கட்டில் ஓரத்தில் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசுக்காரி. ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போய் ஆளே மாறியிருந்தாள். அவள் புருஷன் வன்னியராஜ் துணிப்பையை வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றான்.

பக்கத்துக் கட்டில்காரி ராஜியின் கையைப் பிடித்து, இனிமேலாவது இந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்கள், பொட்டப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படியா செய்வாள் என்று வருத்தப்பட்டாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று ராஜிக்கு முதலில் விளங்கவில்லை.

டாக்டரம்மா வந்து பேசியபிறகு விளங்கியது. கொண்டுவந்து போட்டபோது முத்துராணியின் கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கியிருந்ததாம். பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். கூட வந்தவர்களோ மயக்கம் என்றார்களே தவிர, டப்பா கழுவினாள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆகவே அவள் மருந்தைக் குடித்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பெண்டாட்டியை அடித்தாயா, கொடுமைப்படுத்தினாயா என்று போலீஸ்காரர் வந்து வன்னியராஜைக் குடைந்துவிட்டுப் போயிருக்கிறார். முத்துராணிக்கு நினைவு தெளிந்து, அவளே சொன்ன பிறகுதான் டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் மருந்து ஏறியிருக்கிறது, இனிமேல் அந்த டப்பா இருக்கிற பக்கமே இவள் போகக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

எங்கள் ஷெட்டில்தான் வேலை பார்க்கிறாள் என்று ராஜி தரையைப் பார்த்துச் சொன்னாள். டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

பஸ்ஸில் முத்துராணிக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, ராஜி பக்கத்தில் உட்கார்ந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் கார்ப்பருவ நெல் பச்சைப்பசேல் என்று நின்றது. ஒரு வயலில் ஒருவர் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முத்துராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யக்கா, ஊருலயும் நான் மருந்து குடிச்சேன்னுதான பேசுதாவ?"

அப்படி யாரும் பேசவில்லை, வெயில் மயக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறோம் என்றாள் ராஜி.

"வெயில் மயக்கத்துக்கு ஒரு வாரமா ஆஸ்பத்திரில போடுவாவ? நீங்க அதச் சொல்லச் சொல்லத்தான் சனங்களுக்குச் சந்தேகம் கூடும்." வெளியே பார்த்தபடியே சொன்னாள். "எம் மவள நாளைக்கு ஒருத்தன் கெட்டிட்டுப் போவான்லா. ஒங்கம்மை மருந்து குடிச்சவதானன்னு அவன் ஒரு சொல்லு சொன்னா அது தாங்குமா? நான் டப்பாதான யக்கா கழுவுனேன். நீங்க சொன்னா ஊரு நம்பும்."

ராஜி அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சொல்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் குருவின் ஷெட் என்னவாகும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டாள். பின் சீட்டில் இருந்த வன்னியராஜ் அதைக் கவனித்தான்.

முத்துராணியின் வீடு ஊர்க்கோடியில் இருந்தது. மகள் தங்கத்தாய், எட்டு வயசுப் பிள்ளை, ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அழுது முடித்ததும் வீட்டுக்கு வந்திருக்கிற ஆள் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ராஜியிடம் நீட்டினாள்.

நல்ல தாகம். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன ராஜி அப்படியே நிறுத்திவிட்டாள்.

இருபது வருஷமாக அவள் கணவரின் சட்டையைத் துவைக்கிறவள். கடையிலிருந்து வந்து அவர் கழற்றிப் போடுகிற சட்டையில் ஒரு வாடை இருக்கும். சோப்புப் போட்டுக் கும்மி, அலசி, வெயிலில் உலர்த்தி எடுத்தாலும், மடிக்கிறபோது மூக்கில் லேசாக வந்து ஒட்டும். அதே வாடை இந்தத் தண்ணீரில் இருந்தது.

தண்ணீர் எதில் இருக்கிறது என்று கேட்டாள். தங்கத்தாய் உள்ளே கை காட்டினாள். அடுப்புக்குப் பக்கத்தில், பளபளவென்று ஒரு நீலக் குடம். ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் எல்லாருக்கும் சித்திரை மாசம் குரு ஆளுக்கு ஒன்று கொடுத்தது.

"மொதல்ல நாறும்," என்றாள் பிள்ளை. "பொறவு பழகிட்டு. எங்களுக்கு ஒண்ணும் ஆவல." ராஜி கீழே வைத்த டம்ளரை எடுத்துக் குடிக்கப் போனாள்.

ராஜி அதைப் பிடுங்கினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தாள். வீட்டில் பழைய பித்தளைக் குடம் ஏதாவது இருந்தால் எடுத்துப் புழங்கும்படி வன்னியராஜிடம் சொன்னாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்துராணி, "தம்பி ஆசையாக் குடுத்ததுல்லா யக்கா அது," என்றாள். அதில் கோபமில்லை. கோபமிருந்தால் ராஜிக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

அப்போதுதான் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பள்ளிக்கூடத்துப் புங்கமரத்து நிழலில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே நீலக் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் மாமனாரின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைத்து, கழுத்தில் செவ்வந்திப்பூச் சரம் சுற்றியிருந்தார்கள். பிள்ளைகள் சத்துணவுத் தட்டும் டம்ளருமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் ஐயம்பெருமாள் மைக்கில் அந்தக் குடும்பத்தின் தரும குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஞானசம்பந்தன் வெள்ளை வேட்டி சட்டையில் நாற்காலியில் இருந்தார்.

ராஜி பின்பக்கமாகப் போய்க் குருவைத் தனியாகக் கூப்பிட்டாள். பிள்ளைகள் இந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்றாள். அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சோடா உப்புப் போட்டு மூன்று தடவை அலசுகிறோம், அப்புறம் அந்தச் சூட்டில் உருக்குகிறோம், அதையும் தாண்டி மருந்து எங்கே இருக்கப்போகிறது என்று மளமளவென்று சொன்னான்.

"நானே குடிச்சுப் பாத்துட்டேன் மதினி. ஒண்ணும் ஆவல."

"முத்துராணி மவளும் அதத்தான் சொல்லுதா குரு. பழகிட்டுன்னு."

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கால் நகரவில்லை. அப்பா பேர் போட்டிருக்கிறதே, இத்தனை பேர் முன்னால் எப்படி வேண்டாம் என்பது என்று முணுமுணுத்தான்.

அதற்குள் மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் டம்ளர் தண்ணீரை வீட்டு மருமகள் கையால் வழங்கவேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள்.

ராஜி போனாள். முதல் குடத்தின் கழுத்தைப் பிடித்தாள். டம்ளரில் ஊற்றாமல் குடத்தை அப்படியே தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் பூவோடு சேர்ந்து பிள்ளைகளின் காலடிவரை ஓடியது. கைத்தட்டல் அடங்கிப்போனது. கணவரைப் பார்த்தாள்.

அவள் முகத்தையும் குருவின் வெளுத்த முகத்தையும் பார்த்ததுமே ஞானசம்பந்தனுக்கு விஷயம் பிடிபட்டது. விறுவிறுவென்று எழுந்துவந்து மைக்கை வாங்கினார். குடங்களில் கசிவு இருக்கிறது, அச்சில் ஏதோ கோளாறு, நல்ல குடங்களாகப் பார்த்து இன்னொரு நாள் கொடுக்கிறோம், அதுவரைக்கும் பிள்ளைகள் அடிபம்பில் குடிக்கட்டும் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அதற்கும் ஒரு கைத்தட்டல் கிடைத்தது.

வீட்டுக்கு வருகிற வழியில், மானத்தைக் காப்பாற்றியாயிற்று என்றார். அவள் நெஞ்சிலும் ஒரு பாரம் இறங்கினாற்போலத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

குரு சாப்பிட வரவில்லை. ராஜி கணவருக்குச் சோறு வைத்து, டாக்டரம்மா சொன்னதையும், முத்துராணியை ஊர் என்னவென்று நினைக்கிறது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். முத்துராணிக்கு வேண்டியதை எல்லாம் நாம் பார்த்துக்கொள்ளலாம், வெளியே சொல்லி என்ன ஆகப்போகிறது, நாளைக்குக் கடையையும் சேர்த்து இழுப்பார்கள் என்றார். சொன்னாரே தவிர, அந்தச் சோறு அவருக்கு இறங்கவில்லை. பாதியில் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ராஜி ஷெட்டுக்குப் போனாள்.

வாய்க்காலில் மற்றப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று வழக்கம்போல டப்பா கழுவிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாக ஒரு நுரை தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. ராஜி அவர்களைக் கரையேறச் சொன்னாள். அவர்கள் ஷெட்டு வாசலில் இருந்த குருவைப் பார்த்தார்கள். அவன் தலையசைத்தான். ஒவ்வொருத்தியாக ஏறி வந்து கரையில் உட்கார்ந்தார்கள்.

அரைத்த பிளாஸ்டிக் குருணை மூட்டையின் மேல் குரு உட்கார்ந்திருந்தான். பின்னால் கூரையைத் தொடுகிற மாதிரி டப்பாக் குவியல்.

"இத எல்லாம் என்ன செய்ய மதினி?" என்றான். "திருப்பிக் கொண்டுபோயி வரப்புலயே போட்டுரட்டுமா? நான் எடுக்கலன்னா இதுல எண்ணெய் ஊத்தித்தான் வைப்பாவ."

அவன் கேட்டது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. "உருக்க வேண்டாம்னு நான் சொல்லல. மனுசன் வாய் வைக்காத சாமானாச் செய்யி."

அவன் யோசித்தான். சுவருக்குள் கரண்டு வயர் போடுகிற குழாய் செய்யலாம். அதற்கு வேறு மெஷின் வேண்டும் என்றான். மருந்து அடிக்கிறவனே டப்பாவை அங்கேயே அலசி, அலசின தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டால் வாய்க்காலில் யாரும் கழுவவேண்டியதில்லை என்று கோயம்புத்தூரில் ஒருவர் சொன்னாராம். கேட்டதோடு சரி, ஊருக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. பேசிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். கண் கலங்கியிருந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டு, முத்துராணி கையைத் தண்ணீரில் வைக்கச் சொன்னோமே என்ற நினைப்பு என்று ராஜிக்குத் தெரிந்தது. தேற்றவேண்டும் என்று தோன்றியும் அவள் தேற்றவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ஐயம்பெருமாள் சைக்கிளில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சந்தோஷம்.

பெரியவர் நினைவாகக் கொடுத்த குடங்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லையாம். கசிகிற இடத்தை அடைத்துவிடலாம் என்று, கடைத்தெருவில் பிளாஸ்டிக் குடம் ஒட்டுகிறவரைக் கூட்டிவந்தாராம். ஒவ்வொரு குடமாகத் தண்ணீர் நிறைத்துப் பார்த்தார்களாம். ஒன்றில்கூடச் சொட்டுக் கசிவு இல்லை. ஆகையால் வகுப்புக்கு ஒன்றாக வைத்து மூடியாயிற்று. நாளைக் காலையிலிருந்து பிள்ளைகள் அடிபம்புக்கு ஓடவேண்டியதில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம்.

ராஜி எழுந்துவிட்டாள். ஆனால் அவள் பேசுவதற்குள் குரு முன்னால் வந்து நின்றான்.

"சார்வாள், கொடம் கசியல. எங்கண்ணன் எனக்காக அப்படிச் சொன்னாவ." பின்னால் இருந்த டப்பாக் குவியலைக் காட்டினான். "அது மருந்து டப்பாவ உருக்கிச் செஞ்சது. எத்தன தடவ கழுவுனாலும் அதுல மருந்து போவல. முத்துராணி மருந்து குடிக்கல, வெயில்லயும் விழல. எங்கிட்ட டப்பா கழுவித்தான் விழுந்தா. பிள்ளையளுக்கு அந்தத் தண்ணி வேண்டாம்."

கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள்.

ஐயம்பெருமாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். ஏசப்போகிறார் என்று ராஜி எதிர்பார்த்தாள்.

"எம் பேத்தியும் அங்கனதான் படிக்கா தம்பி," என்று மட்டும் சொன்னார். சைக்கிளைத் திருப்பினார். குடங்களைக் கொட்ட ஆள் வேண்டாமா என்று அந்தப் பெண்களில் இருவர் அவர் பின்னாலேயே ஓடினார்கள். மூன்றாவது ஒருத்தி ஊர்க்கோடிப் பக்கம் நடந்தாள். முத்துராணி வீட்டுக்குத்தான் போகிறாள் என்று ராஜிக்குப் புரிந்தது. தான் பஸ்ஸில் சொல்லத் தவறியதைக் குரு சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அவன் தோளைத் தொட்டாள். அவன் திரும்பினான். பாரம் இறங்கினவன் முகமாக அது இல்லை.

"மதினி, இன்னும் ஒண்ணு இருக்கு."

முதல் வேன் லோடு குடம் போன வாரமே ஏரலுக்குப் போய்விட்டது. அங்கே அசன் மைதீன் என்பவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நாளைக்கு ஆடி அமாவாசை. ஏரல் கோயிலுக்கு ஜனம் ஆற்று மணலே தெரியாத அளவுக்கு வரும். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். பந்தல் போடுகிறவர்கள் குடம் வாங்குவது அவர் கடையில்தான். அதற்காகவேதான் குருவிடம் அவசரப்பட்டு வாங்கினார்.

இரண்டு பேரும் கடைத்தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஞானசம்பந்தன் கடையில் போன் இருந்தது. மருந்து வாங்க ஏழெட்டு விவசாயிகள் நின்றுகொண்டிருந்தார்கள். குரு கடை முகப்பின் மடிப்புப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போய் நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தான். விஷயம் கேட்ட ஞானசம்பந்தன், போனின் மேல் கை வைத்து அமுக்கினார்.

"கசிவுன்னு சொல்லு. திருப்பி அனுப்பிருவாரு," என்றார் தாழ்ந்த குரலில். உண்மையைச் சொன்னால் தம்பி பிழைப்பும் போகும், தன் பிழைப்பும் போகும் என்றார்.

"கசிஞ்சா ஒட்டிக்குவாவ," என்றாள் ராஜி. "பள்ளிக்கூடத்துல அதுதான் நடந்துச்சு. சார்வாள் எல்லாக் கொடத்துலயும் தண்ணி நெறச்சு, வகுப்புல கொண்டு வச்சிட்டாவ. குரு சொல்லலன்னா நாளைக்குப் பிள்ளையளெல்லாம் குடிச்சிருக்கும். நீங்க சொன்னத நம்பித்தான் அப்படிச் செஞ்சாவ."

அவர் அவளையே பார்த்தார். கொஞ்சங்கொஞ்சமாகப் போனிலிருந்து கை விலகியது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் நம்பரைச் சுழற்றியதும் ஏரலில் மணி அடித்தது. குரு எதையும் மறைக்காமல் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். வைத்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினான்.

குடங்கள் எல்லாம் இன்று காலையிலேயே விற்றுப்போய்விட்டனவாம். எந்தெந்த ஊர்க்காரர்கள் எடுத்தார்கள் என்பது அசன் மைதீனுக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள், நேற்று காயல்பட்டினத்துக்குக் கிளம்புகிறபோது ஒரு குடத்தைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள், பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் வைக்க.

"என்னை ஏசவே இல்ல மதினி," என்றான் குரு. "மவளுக்கு ஆள் அனுப்பிட்டு நான் கடைய அடைக்கேன், நீ வண்டியோட வா தம்பி, விடியறதுக்குள்ள ரெண்டு பேருமாத் தேடுவோம்னு சொல்லுதாரு."

அவன் வேனை எடுக்க ஓடினான். வேன் வந்து நின்றதும் ராஜி முன்பக்கம் ஏறிக்கொண்டாள். கணவர் வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

ஞானசம்பந்தன் ஸ்டூலைவிட்டு எழுந்தார். கடை முன்னால் நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பட்டப்பகலில் அந்தக் கடை அடைத்து யாரும் பார்த்ததில்லை. ஒரு விவசாயி பதறிப்போய், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஞானசம்பந்தன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை என்ன சொல்லப்போகிறார் என்று வேன் ஜன்னல் வழியாக ராஜி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல வே," என்றார். "நாங்க வித்த கொடத்துல பூச்சிமருந்து இருக்கு. சனங்க குடிக்கதுக்குள்ள எடுக்கப் போறோம்."

அவர் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரு கியரைப் போட்டான். நெல்லை ரோட்டில் திரும்பியபோது, முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இடமில்லாமல் படியிலும் கூரையிலும் ஆட்கள் தொற்றிக்கொண்டு போனார்கள். நெற்றி நிறையத் திருநீறும் மஞ்சள் துணியுமாக, எல்லாரும் ஏரலுக்குத்தான்.